மூன்று வாரம் தாங்கும் பெட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் படைகளில் சேர்ந்து கடல் கடந்து பணியாற்றும் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து ஒரு பார்சல் அனுப்புகிறோம். கேர் பேக்கேஜ் என்று இங்கே எல்லோரும் சொல்கிறோமே, அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அமெரிக்காவில் குடியேறிய நம் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் ராணுவத்துக்கும் கடற்படைக்கும் போகிறார்கள். பெற்றவர்களுக்கு உடனே தோன்றுவது, பிள்ளைக்குப் பிடித்ததை எல்லாம் செய்து பெட்டியில் அடுக்க வேண்டும் என்பது. நான் முதலில் பேசப்போவது முகவரியைப் பற்றி. பெட்டி போய்ச் சேராமல் போனால் உள்ளே என்ன இருந்தால் என்ன?

நீங்கள் அஞ்சல் நிலையத்தில் கொடுக்கும் பெட்டி முதலில் சிகாகோவில் உள்ள ராணுவ அஞ்சல் பிரிப்பு மையத்துக்குப் போகிறது. அங்கிருந்து விமானம். பிறகு வெளிநாட்டில் ஒரு பெரிய தளம். அதன்பின் லாரியோ ஹெலிகாப்டரோ கிடைக்கும்போது முகாமின் அஞ்சல் அறை. இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகமாகும். கப்பல் துறைமுகம் தொடும் வரை, அல்லது சரக்கு ஏற்றும் நாள் வரும் வரை, பெட்டி எங்காவது மூட்டையில் காத்துக்கிடக்கும்.

முகவரி எழுதும் முறை இது. முதல் வரியில் வீரரின் முழுப் பெயர். செல்லப் பெயரோ இனிஷியல் மட்டுமோ போதாது. இரண்டாம் வரியில் யூனிட் எண் அல்லது பிஎஸ்சி எண், அதாவது தளத்தின் அஞ்சல் மைய எண், அதையடுத்து பாக்ஸ் எண். கடற்படை என்றால் இந்த இடத்தில் கப்பலின் பெயர் வரும். மூன்றாம் வரியில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக ராணுவத்துக்கு ஏபிஓ (APO), கப்பலுக்கு எஃப்பிஓ (FPO); படையினருக்கான அஞ்சல் நிலையத்தைக் குறிக்கும் எழுத்துகள் இவை. மாநிலத்துக்குப் பதிலாக இரண்டு எழுத்து. ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கா ஆகியவற்றுக்கு ஏஈ (AE). பசிபிக் பகுதிக்கு ஏபி (AP). தென், மத்திய அமெரிக்கப் பகுதிக்கு ஏஏ (AA). கடைசியில் ஜிப் எண். அவ்வளவுதான். குவைத் என்றோ ஜிபூட்டி என்றோ நாட்டின் பெயரை எழுதவே கூடாது. எழுதினால் பெட்டி ராணுவ அஞ்சலை விட்டு விலகி அந்த நாட்டுப் பொது அஞ்சலுக்குள் போய்விடலாம். பிறகு அதை மீட்பது பெரும்பாடு. ஏபிஓ முகவரிக்கு அமெரிக்காவுக்குள் அனுப்புகிற கட்டணம்தான். நாட்டின் பெயரை விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். தனியார் கூரியரில் கொடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்; ராணுவ அஞ்சலுக்கு அமெரிக்க அஞ்சல் துறைதான் வழி.

ஒரு எண் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1945 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமுக்கு அமெரிக்க ராணுவத்தின் 6888-வது மத்திய அஞ்சல் முகவரிப் படைப்பிரிவு போய் இறங்கியது. மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமையில் சுமார் 850 கறுப்பினப் பெண்கள். விமானக் கொட்டகைகளில் கடிதங்களும் பார்சல்களும் கூரை வரை குவிந்திருந்தன. உணவுப் பொட்டலங்கள் அழுகி, எலிகள் உள்ளே குடியிருந்தன. ராபர்ட் ஸ்மித் என்ற ஒரே பெயரில் மட்டும் ஆயிரக்கணக்கான வீரர்கள். அவர்களைப் படை எண்ணைக் கொண்டுதான் பிரித்தறிய முடிந்தது. மூன்று ஷிஃப்டாக இரவு பகல் உழைத்து, ஆறு மாதம் கொடுக்கப்பட்ட வேலையை மூன்றே மாதத்தில் முடித்தார்கள். இன்று கணினி இருக்கிறது. ஆனாலும் நம்மூர்ப் பெயர்களில் முதல் பெயர் எது, குடும்பப் பெயர் எது என்ற குழப்பம் சாதாரணமாக வரும். படைப் பதிவில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். பெட்டிக்கு உள்ளேயும் அனுப்புகிறவர், பெறுகிறவர் இரண்டு முகவரிகளையும் எழுதிய ஒரு சீட்டைப் போடுங்கள். மேலே ஒட்டிய முகவரித் தாள் கிழிந்துபோனால் அந்தச் சீட்டுதான் காப்பாற்றும்.

பெயர் தெரியாத வீரருக்கு அனுப்ப முடியுமா என்று கோயில்களிலும் தமிழ்ப் பள்ளிகளிலும் கேட்கிறார்கள். "எந்த வீரருக்கானாலும்" என்று எழுதி அனுப்பும் வழக்கம் முன்பு இருந்தது. 2001 அக்டோபரில், ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமியைக் கடிதங்களில் வைத்து அனுப்பிய தாக்குதலுக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். இன்று பெயரும் யூனிட்டும் வேண்டும். குழுவாகச் செய்ய விரும்புகிறவர்கள் ஆபரேஷன் கிராட்டிட்யூட், சோல்ஜர்ஸ் ஏஞ்சல்ஸ் போன்ற அமைப்புகளிடம் பொருளைச் சேர்ப்பது நல்லது. அனுப்புவதற்கான பெயர்ப் பட்டியலை முறைப்படி பெறுகிற வழி அவர்களிடம் இருக்கிறது.

இனி, எதைப் போடக்கூடாது. மது கூடாது. ஸ்ப்ரே டப்பா எதுவும் கூடாது. டியோடரன்ட் ஆனாலும் ஷேவிங் ஃபோம் ஆனாலும் அழுத்தத்தில் அடைத்தது விமானத்தில் ஏறாது. ஆல்கஹால் கலந்த சென்ட், நகப்பூச்சு, தீப்பெட்டி, லைட்டர், சிகரெட் எதுவும் வேண்டாம். பவர் பேங்க் தனி லித்தியம் பேட்டரியாகக் கணக்கிடப்படும், ஆகவே அதுவும் கூடாது. ரிமோட், மின் பல்துலக்கி போன்றவற்றில் சாதாரண பேட்டரி இருந்தால் கழற்றித் தனியே வையுங்கள். வழியில் அது தானாக ஓட ஆரம்பித்து பெட்டி அதிர்ந்தால், தளத்தில் எல்லோரையும் வெளியேற்றிவிட்டுத்தான் அதைத் திறப்பார்கள். மத்தியக் கிழக்கில் பன்றி இறைச்சிக்கும் ஆபாசப் படங்களுக்கும் தடை உண்டு. ஆபாசப் படங்களுக்கான தடை, 1990-ல் வளைகுடாப் போர் ஆயத்தத்தின்போது அங்கிருந்த அமெரிக்கப் படைகளின் தளபதி ஜெனரல் ஷுவார்ஸ்காஃப் பிறப்பித்த முதலாம் பொது ஆணையிலிருந்து வருவது. ஒவ்வொரு ஏபிஓ ஜிப்புக்கும் தனித் தடைகள் இருக்கும். எண்ணைச் சொல்லிக் கவுன்டரில் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

நம் வீடுகளுக்கென்றே சில எச்சரிக்கைகள் இருக்கின்றன. கசகசா சேர்த்த எதையும் அனுப்பாதீர்கள். வளைகுடா நாடுகளில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள் என்பது அங்கே வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அதைவிட முக்கியமான காரணம் வேறு. கசகசா சாப்பிட்டால் போதைப்பொருளுக்கான சிறுநீர்ச் சோதனையில் கோடீன் என்ற ஓபியம் வகை மருந்து தெரியக்கூடும். 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே வீரர்களைக் கசகசாவைத் தவிர்க்கச் சொல்லி அறிவித்தது. பாட்டி அன்போடு அனுப்பிய ஒரு மசாலா பிள்ளையின் வேலைக்கே உலை வைக்கலாம். லேகியம், மூலிகை மருந்து, உடம்பு தேற்றும் பொடி இவையும் அப்படித்தான். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரியாதது எதுவும் வேண்டாம். லேபிள் இல்லாத பொடி எந்த வகையானாலும் கூடாது. வீட்டில் அரைத்த பருப்புப் பொடியை வெற்றுப் பையில் கட்டி அனுப்பினால் சோதனையில் நிற்கும். விபூதிகூட, கடையில் விற்கிற சிறு பாக்கெட்டாக, பெயர் அச்சிட்டதாக இருக்கட்டும்.

பலகாரம் அனுப்பலாமா என்றால், அனுப்பலாம். ஆனால் மூன்று வாரம், நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் நிற்கும் கன்டெய்னர், இந்த இரண்டையும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேங்காய் சேர்ந்தது, பால் சேர்ந்தது, அதிரசம் போல ஈரப்பதம் உள்ளது எல்லாம் வேண்டாம். மெல்லிய தேன்குழல் தூளாகித்தான் போய்ச் சேரும். கொஞ்சம் தடித்த கை முறுக்கு, தட்டை, காராபூந்தி, வறுத்த கடலை தாங்கும். பழைய எண்ணெயில் சுட்டது வெயிலில் சீக்கிரம் காறும். புது எண்ணெயில் சுட்டு, நன்றாக ஆறவைத்து, எண்ணெய் ஒற்றி எடுத்துவிட்டு, சிறு சிறு ஜிப் பைகளில் காற்றை நீக்கி அடையுங்கள். சூடு இருக்கும்போதே மூடினால் உள்ளே வியர்த்து இரண்டு நாளில் நமுத்துவிடும். கடலை மிட்டாய் வெயிலில் கசியும், ஆகையால் ஒவ்வொன்றாகச் சுற்றியதை வாங்குங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பாலைவன முகாமுக்குச் சாக்லேட் வேண்டாம். ஊறுகாய் என்றால் கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. ஒரு வேளைக்கான சிறு பாக்கெட்டாக வாங்கி, இரட்டை ஜிப் பையில் போட்டு, அதைச் சுற்றி ஒரு துணியும் வையுங்கள். எண்ணெய் வெளியே வந்தால் அந்தப் பெட்டி மட்டுமல்ல, மூட்டையில் பக்கத்தில் இருக்கும் பத்துப் பேருடைய பெட்டியும் வீணாகும்.

சோப்பு, வாசனைத் துடைப்பான், பவுடர் இவற்றை உணவோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். எத்தனை பை போட்டாலும் மூன்று வாரத்தில் முறுக்கு முழுக்க சோப்பு வாசனை ஏறிவிடும். இரண்டு பெட்டியாகப் பிரிப்பதுதான் ஒரே வழி.

பெறுகிறவர் யார் என்று பார்த்து அனுப்பும் நடைமுறை நூறு வருடத்துக்கு மேல் பழையது. 1914 கிறிஸ்துமஸுக்கு இளவரசி மேரியின் பெயரால் பிரிட்டிஷ் படையினருக்குப் பித்தளைப் பெட்டிகள் போயின. புகைப்பவருக்குப் புகையிலையும் சிகரெட்டும். புகைக்காதவருக்கு மிட்டாயும் எழுதுபொருளும். பிரான்சில் போரிட்ட இந்தியப் படையில் சீக்கியர்களுக்குப் புகையிலை வைக்காமல் கற்கண்டும் ஒரு டப்பா மசாலாப் பொருளும் வைத்தார்கள். ஆகவே முதலில் கேளுங்கள். பெரிய தளத்தில் இருப்பவருக்குக் கடை இருக்கிறது, பற்பசை அங்கேயே கிடைக்கும். ஒதுக்குப்புற முகாமில் இருப்பவருக்குக் காலுறையும் ஈரத் துடைப்பானும்தான் பெரிய தேவை. காலுறை வெள்ளையில் வேண்டாம், சீருடையோடு போட முடியாது. கறுப்பு, பச்சை அல்லது மண் நிறம், பருத்தியைவிடக் கம்பளி கலந்தது. உதட்டுக் களிம்பு, கண்ணுக்குச் சொட்டு மருந்து, தண்ணீரில் கலக்கும் பானப் பொடி, சீட்டுக்கட்டு, டபுள் ஏ பேட்டரி, காலி ஜிப் பைகள் இவை எங்கும் வீணாகாது. பெண் வீரர்களுக்கு நாப்கினும் தலைமுடி கட்டும் ரப்பரும் ஷாம்பூவும் வையுங்கள். பொதுவாகக் கட்டும் பெட்டிகளில் இவை பெரும்பாலும் விட்டுப்போகின்றன.

பெட்டி எது? அஞ்சல் துறையின் பெரிய ஃபிளாட் ரேட் பெட்டி, ஏபிஓ என்று அச்சிட்டது. 12 அங்குல நீளம், 12 அகலம், ஐந்தரை உயரம். 70 பவுண்டு வரை எடை எவ்வளவானாலும் ஒரே கட்டணம். அதே அளவுச் சாதாரணப் பெட்டியைவிடக் கொஞ்சம் குறைவு. பெட்டி, ஒட்டு நாடா, படிவங்கள் எல்லாமாக ராணுவத் தொகுப்பு ஒன்றை அஞ்சல் துறையிடம் கேட்டால் இலவசமாக அனுப்புவார்கள். எடைக்குக் கட்டணம் இல்லை என்பதற்காக இருபது கிலோ அடைக்க வேண்டாம். ஜல்லி கொட்டிய தரையில் அதைச் சுமந்துகொண்டு கூடாரத்துக்கு நடக்கப்போவது உங்கள் பிள்ளை. ஐந்து கிலோ போதும்.

கனமானது அடியில் நடுவே, சுற்றிலும் காலுறை, இடுக்குகளில் நூடுல்ஸ் பாக்கெட்டும் பானப் பொடியும். செய்தித்தாளை அடைப்பதைவிட இது மேல். மூடிவிட்டுக் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வந்தால் இடம் காலியாக இருக்கிறது. பெட்டியின் மூடி மடிப்புகள் இயல்பாகச் சேர வேண்டும். பெட்டி புடைத்திருந்தால் கவுன்டரில் திருப்பித் தருவார்கள். இரண்டு அங்குல அகல பார்சல் டேப்பை நடுக்கோட்டிலும் இரு ஓரங்களிலும் ஒட்டுங்கள். செலோடேப், கயிறு, பரிசுக் காகிதம் வேண்டாம். பழைய பெட்டியை மறுபடி பயன்படுத்தினால் பழைய பார்கோடுகளை முழுக்க மறையுங்கள். மதுப் பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டியை எடுக்கவே மாட்டார்கள்.

சுங்கப் படிவத்தில் "பரிசு", "உணவு" என்று பொதுவாக எழுதினால் நிறுத்திவைப்பார்கள். "பருத்தி டி-ஷர்ட் 2, பற்பசை 1, அரிசி முறுக்கு 3 பாக்கெட்" என்று பொருள், எண்ணிக்கை, மதிப்பு மூன்றையும் எழுதுங்கள். பெட்டியில் அடுக்கும்போதே பட்டியல் போட்டுக்கொண்டால், ஒட்டிய பிறகு நினைவுபடுத்திக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இணையத்தில் நிரப்பி அச்சிட்டுக்கொண்டு போகலாம். தெருப் பெட்டியில் போடாமல் கவுன்டரில் நேராகக் கொடுங்கள்.

தீபாவளிக்குப் போய்ச் சேர நான்கு வாரம் முன்பே அனுப்ப வேண்டும். கிறிஸ்துமஸுக்கு அஞ்சல் துறை ஆண்டுதோறும் கடைசி நாளை அறிவிக்கிறது. தரைவழிக் கட்டணத்துக்கு நவம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும், பிரயாரிட்டி என்ற விரைவு அஞ்சலுக்கு டிசம்பர் முதல் பகுதி வரை இடம் இருக்கும். பிள்ளை திரும்பப்போகும் நாளுக்கு ஆறு வாரம் முன்பே அனுப்புவதை நிறுத்துங்கள். அவர் ஊர் வந்து சேர்ந்தபின் பெட்டி முகாமுக்குப் போய், அங்கிருந்து மறுபடி கடல் தாண்டி வரும். யூனிட், முகவரி, திரும்பும் நாள் இவற்றை வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ போடாதீர்கள். அது பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றிய விஷயம்.

பெட்டியை மூடும் முன் மேலே ஒரு கடிதம் வையுங்கள், கையால் எழுதியது. கூடவே சில வெற்றுத் தாள்களும் உறைகளும். போர்ப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலிருந்து வீரர்கள் கடிதத்தை அஞ்சல்தலை இல்லாமலே அனுப்பலாம். தலை ஒட்டும் மூலையில் "இலவச அஞ்சல்" என்பதை ஆங்கிலத்தில் கையால் எழுதினால் போதும். அதனால் அஞ்சல்தலை வாங்கி வைக்க வேண்டியதில்லை. பார்சலுக்கு அந்தச் சலுகை கிடையாது. வளைகுடாப் பக்கம் உறையின் பசை வெயிலில் தானாகவே ஒட்டிக்கொள்ளும், ஆகையால் காகிதப் பட்டையை உரித்து ஒட்டுகிற வகை உறையாகப் பார்த்து வாங்குங்கள்.

வணக்கம்.