அழுமுன்பே சொல்லிவிடுகிறது குழந்தை

நடுவர் அவர்களுக்கும் அவையோர்க்கும் வணக்கம். பச்சிளங்குழந்தையின் தேவையைப் பெற்றோருக்குப் பெரிதும் உணர்த்துவது அழுகையா, உடற்குறிப்பா என்னும் வழக்கில், உடற்குறிப்பே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னர்ப் பேசிய எதிரணி நண்பர், போகிற போக்கில் எங்கள் அணியின் மீது ஒரு கல்லை வீசிவிட்டுச் சென்றார். "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள், குழந்தையின் விரலைப் பார்த்துப் பசியைச் சொல்கிறோம் என்கிற இவர்கள், பேசாமல் கைரேகை பார்க்கப் போகலாம்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்குப் பதில் சொல்லாமல் என்னால் மேலே செல்ல இயலாது.

நடுவர் அவர்களே, அந்த விரலையே பார்ப்போம். பசி தொடங்கும்போது குழந்தை அழுவதில்லை. அரைத்தூக்கத்தில் மூடிய இமைக்குள் கண்மணி உருளும்; வாய் மெல்லத் திறந்து மூடும்; நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும்; கன்னத்தில் துணியின் ஓரம் பட்டால்கூடத் தலை அந்தப் பக்கமே திரும்பி, வாய் எதையோ தேடும். அதன்பின் கை வாயை நோக்கிப் போகும், விரல்கள் முஷ்டியாக இறுகும், உடல் நெளியும். இத்தனையையும் யாரும் கவனிக்காதபோதுதான், கடைசியாக அழுகை வருகிறது. பால் குடித்து வயிறு நிறைந்ததும் அதே முஷ்டி தானாகத் தளர்ந்து, உள்ளங்கை மலர்ந்து விரியும். இது சோதிடம் அன்று. தொட்டிலருகே அமர்ந்து பொறுமையாகப் பார்க்கிற எவருக்கும் தெரிகிற உண்மை. அழுகை என்பது பசியின் பிந்திய அறிகுறி என்றே இன்று குழந்தை மருத்துவர்கள் பெற்றோருக்குச் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் நண்பர் எண்ணிப் பார்க்க வேண்டும். வீறிட்டு அழுகிற குழந்தையின் வாயை உற்றுப் பாருங்கள்: நாக்கு மேலெழும்பி அண்ணத்தை ஒட்டி நிற்கும். அந்த நிலையில் மார்பைச் சரியாகப் பற்ற அதனால் முடியாது. தாய் முதலில் தோளில் சாய்த்து, முதுகைத் தடவி, அழுகையை அடக்கிய பிறகே பால் கொடுக்க இயலும். ஆகவே நண்பரே, அழுத பிள்ளை பால் குடிப்பதில்லை. அழுகை ஓய்ந்த பிள்ளைதான் பால் குடிக்கிறது! பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அத்தனை முறையும் அழவிட்டுத்தான் கொடுப்பேன் என்றால், அந்த வீட்டில் குழந்தைக்கும் அமைதியில்லை, தாய்க்கும் அமைதியில்லை.

பசியை விடுவோம், பசியில்லாத ஓர் அழுகையைப் பற்றிச் சொல்கிறேன். என் அக்காவின் குழந்தைக்கு அப்போது ஒரு மாதம். ஒரு மாலையில் உறவினர் பலர் பார்க்க வந்திருந்தார்கள். சித்தி கிலுகிலுப்பையை ஆட்டினார், சித்தப்பா விரலைச் சொடுக்கினார், பக்கத்து வீட்டுப் பெண் பாட்டுப் பாடினார். குழந்தை அழத் தொடங்கியது. "பசிக்கிறது" என்றார் ஒருவர். பால் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "ஈரம்" என்றார் இன்னொருவர். துணி உலர்ந்தே இருந்தது. "வயிற்று வலி" என்றார் மூன்றாமவர். உடனே கிலுகிலுப்பை இன்னும் பலமாக ஆடியது, அழுகையும் அதற்கு ஈடாக ஏறியது. அந்த நேரத்தில் எங்கள் பாட்டி எழுந்து, "விளக்கைக் குறையுங்கள், எல்லோரும் கூடத்திற்குப் போங்கள்" என்று மட்டும் சொன்னார். சற்று நேரத்தில் குழந்தை உறங்கிவிட்டது.

அதே மாலையைக் குழந்தையின் பக்கத்திலிருந்து ஒருமுறை திரும்பப் பாருங்கள். சித்தியின் கிலுகிலுப்பை ஆடியபோது அது கொட்டாவி விட்டது. 'போதும்' என்று பொருள். சித்தப்பா சொடுக்கியபோது முகத்தை வேறு பக்கம் திருப்பியது, மீண்டும் 'போதும்'. அவர் அந்தப் பக்கம் போய் நின்று சொடுக்கினார். பாட்டுத் தொடங்கியபோது ஐந்து விரலும் விசிறிபோல் விரிந்து, கை முன்னே நீண்டது. 'நிறுத்துங்கள்' என்று இதைவிடத் தெளிவாக எந்தக் குழந்தையால் சொல்ல முடியும்? பிறகு விக்கல் வந்தது. இவ்வளவையும் சொல்லிக் களைத்த பிறகே அது அழுதது. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் அழுகையைக் கேட்டார்கள், ஒவ்வொருவரும் வெவ்வேறு பொருள் சொன்னார்கள். பாட்டி ஒருவர்தான் அழுகைக்கு முன் நடந்ததைப் பார்த்திருந்தார்.

அழுகையிலும் மொழி இருக்கிறது என்பதற்கு எதிரணித் தலைவர் 2009ஆம் ஆண்டு ஆய்வொன்றைச் சான்று காட்டினார். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை ஏறும் இசையாகவும், ஜெர்மானியக் குழந்தைகளின் அழுகை இறங்கும் இசையாகவும் இருந்ததை அந்த ஆய்வு காட்டியது உண்மை, வியப்புக்குரிய ஆய்வு. ஆனால் அந்த இசை எதைச் சொன்னது? கருவறையில் அந்தக் காது எந்த மொழியைக் கேட்டது என்பதைச் சொன்னது. பசியா, தூக்கமா என்று சொல்லவில்லையே! திடீரென வலியில் வீறிடுவதை வேண்டுமானால் பிரித்தறியலாம். மற்றபடி, துன்பம் எவ்வளவு என்பதை அழுகை உரக்கச் சொல்கிறதே தவிர, எதனால் என்பதைத் தெளிவாகச் சொல்வதில்லை.

ஆறாவது வாரத்தை ஒட்டிக் குழந்தைகளின் அழுகை உச்சத்தைத் தொடுவதும், மூன்று நான்கு மாதங்களில் அது தணிவதும் பொதுவான இயல்பு. நன்றாகக் குடித்து, நன்றாக வளர்கிற குழந்தையும் அப்போது காரணம் தெரியாமல் அழும். அந்த வாரங்களில்தான், "உனக்குப் பால் போதவில்லை" என்று சுற்றியிருப்போர் தாயிடம் சொல்கிறார்கள். உறக்கமின்றித் தவிக்கிற அந்தப் பெண், தன் உடம்பின் மீதே நம்பிக்கை இழக்கிறாள். அழுகையை மட்டுமே சாட்சியாக வைத்து ஒரு தாய்க்குத் தண்டனை கொடுக்கிறோம் நடுவர் அவர்களே! குழந்தையின் தளர்ந்த கையையும் நனைந்த துணிகளையும் ஏறுகிற எடையையும் அவளுக்குக் காட்டியிருந்தால், அன்றிரவு அவள் அழுதிருக்க மாட்டாள்.

இறுதியாக ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அது அழாத குழந்தை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பசித்தாலும் உரக்க அழத் தெம்பு இருக்காது. மஞ்சள் காமாலை மிகுந்த குழந்தை பால் கேட்காமல் தூங்கிக்கொண்டே இருக்கும். "சமர்த்துக் குழந்தை, தொந்தரவே இல்லை" என்று வீடு மகிழ்ந்திருக்கும் வேளையில், அது உள்ளுக்குள் வாடிக்கொண்டிருக்கும். எழுப்பினாலும் பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும் பச்சிளங்குழந்தையை உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பதை, அழுகைக்காகக் காத்திருக்கும் பெற்றோருக்கு யார் சொல்வது? நண்பரின் பழமொழியை நம்பினால் அந்தக் குழந்தைக்குப் பாலே கிடையாது. அதனிடம் எஞ்சியிருப்பது உதட்டின் ஒரு சிறு அசைவும், துவண்ட ஒரு விரலும்தான். அதைப் பார்க்கத் தெரிந்த ஒரு தாயும், அவள் அருகில் அமர்ந்து பார்க்கிற ஒரு தந்தையும் அதற்கு வேண்டும். எங்களுக்காக அல்ல, அழவும் இயலாத அந்தக் குழந்தைக்காகத் தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். வணக்கம்.