ஸ்லைடு பழக மர ரெசனேட்டர் கிட்டார்: எதைப் பார்த்து வாங்குவது?

[திரையில்: மர உடல் ரெசனேட்டர் கிட்டாரின் முன்பக்கம். கேமரா நடுவில் உள்ள உலோகத் தட்டை நெருங்குகிறது.]

ஸ்லைடு, அதாவது கம்பிமேல் ஒரு குழாயையோ பாரையோ வழுக்கி வாசிக்கிற முறை, அதைப் பழக ஒரு ரெசனேட்டர் கிட்டார் வாங்கப் போகிறீர்கள், உலோக உடல் வேண்டாம், மர உடல்தான் என்று முடிவும் செய்துவிட்டீர்கள். உடனே மஹோகனியா மேப்பிளா, முழு மரமா ப்ளைவுட்டா என்று குழம்ப ஆரம்பிப்பீர்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்த வாத்தியத்தில் சத்தம் பெரும்பாலும் மரத்திலிருந்து வருவதில்லை, இந்தத் தட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற மெல்லிய அலுமினியக் கோனிலிருந்து வருகிறது. சாதாரண அகூஸ்டிக் கிட்டாரில் மேல் பலகை செய்கிற வேலையை இங்கே அந்தக் கோன் செய்கிறது. பழைய மர ரெசனேட்டர்களிலேயே ப்ளைவுட் சர்வசாதாரணம், அதைக் குறை என்று நினைக்க வேண்டாம். மர உடலில் அந்த உலோகக் கணீர் கொஞ்சம் அடங்கும், எடையும் குறையும், அவ்வளவுதான்.

சரி, அப்படியென்றால் முதலில் எதைப் பார்ப்பது? கழுத்தை.

[திரையில்: சதுரக் கழுத்தும் வட்டக் கழுத்தும் பக்கத்துப் பக்கத்தில்.]

சதுரக் கழுத்து கிட்டார் மடியில் படுக்க வைத்து, கனமான ஸ்டீல் பாரை மேலிருந்து கம்பிமேல் வைத்து வாசிப்பதற்காகவே செய்தது. கம்பிகள், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும், விரலால் அழுத்தி ஒரு கார்டு பிடிக்கவே முடியாது. ப்ளூகிராஸ் என்கிற அமெரிக்க நாட்டுப்புற இசையில் ஜோஷ் கிரேவ்ஸ், ஜெர்ரி டக்ளஸ் வாசிக்கிற பாணி இது. அந்த ஒலிதான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால் தயங்காமல் சதுரத்துக்கே போங்கள். வட்டக் கழுத்து வழக்கமான கிட்டார் மாதிரிதான், சுண்டுவிரலில் ஸ்லைடு குழாயை மாட்டிக்கொண்டு மற்ற விரல்களால் கார்டும் பிடிக்கலாம். ஏற்கெனவே கொஞ்சம் கிட்டார் தெரிந்தவருக்கு என் ஓட்டு இதற்குத்தான், ஏனென்றால் நட்டின் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்குகிற துண்டு) மேல் உயர்த்தும் துண்டு ஒன்றைச் செருகிவிட்டால் இதையே மடியில் வைத்தும் பழகிப் பார்க்கலாம், ஆனால் சதுரத்தை வட்டமாக்க வழியே இல்லை. ஒரே எச்சரிக்கை: மடிப் பாணிக்காரர்கள் வைக்கிற ஜி பி டி ஜி பி டி டியூனிங்கை, தடித்த கம்பி போட்டு வட்டக் கழுத்தில் ஏற்றாதீர்கள். அந்த இழுப்பைத் தாங்கத்தான் அந்தக் கழுத்தைச் சதுரமாகச் செய்கிறார்கள்.

அடுத்தது கோன். இதில்தான் விஷயம் இருக்கிறது.

மின் ஒலிபெருக்கம் பரவாத காலத்தில், மற்ற வாத்தியங்களின் சத்தத்தில் கிட்டார் அமுங்கிப் போய்க்கொண்டிருந்தது. அதற்காக ஜான் டோபியேரா மூன்று சிறிய கோன் வைத்த கிட்டாரை உருவாக்கினார், 1927-இல் ஜார்ஜ் பீச்சம்ப்புடன் சேர்ந்து நேஷனல் நிறுவனம் வந்தது. பிறகு டோபியேரா விலகி, சகோதரர்களோடு டோப்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று ஒற்றைக் கோன் கிட்டார்களில் நீங்கள் பார்க்கிற இரண்டு வகைக்கும் வேர் அந்த இரண்டு நிறுவனங்களில் இருக்கிறது.

[திரையில்: இரண்டு கோன்களின் குறுக்குவெட்டுப் படம்.]

நேஷனல் வழி வந்தது பிஸ்கட். ஒன்பதரை அங்குலக் கோன், கூம்பின் உச்சி மேலே பார்த்திருக்கும், அந்த உச்சியில் ஒரு சின்ன மர வில்லை (அதுதான் பிஸ்கட்), அதன் மேல் கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜ். மீட்டியதும் சுளீர் என்று அடித்துச் சீக்கிரம் அடங்கிவிடும். டோப்ரோ வழி வந்தது ஸ்பைடர். பத்தரை அங்குலக் கோன் கிண்ணம் மாதிரி கவிழாமல் நிமிர்ந்திருக்கும், எட்டுக் கால் உலோகச் சிலந்தி ஒன்று அதன் விளிம்பில் கால் ஊன்றி நிற்கும். ஒலி கொஞ்சம் மூக்கால் பாடுகிற மாதிரி இருக்கும், ஆனால் கார்வை நீளம்.

ஸ்லைடு பழகுகிறவருக்கு அந்தக் கார்வை பெரிய உதவி. சுருதி சேர்ந்ததா இல்லையா என்று காது தீர்மானிப்பதற்குள் ஸ்வரம் செத்துவிட்டால் எதை வைத்துத் திருத்துவது? அதனால் மர உடல், வட்டக் கழுத்து, ஸ்பைடர் கோன், இதுதான் என் பரிந்துரை. பழைய ப்ளூஸின் அந்தக் கரடுமுரடு பிடித்தவர்கள் பிஸ்கட்டுக்குப் போகலாம், அதுவும் தப்பில்லை, காதுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை இருக்கும்.

கடையில் பார்க்கும்போது ஒவ்வொரு கம்பியையும் பலமாக மீட்டுங்கள், பிறகு ஸ்லைடை மேலிருந்து கீழ்வரை மெதுவாக இழுங்கள். கரகர என்று ஏதாவது நடுங்கினால் காரணம் பார்க்காமல் விடாதீர்கள். கோனை மூடியிருக்கிற உலோகத் தட்டின் (கவர் பிளேட்) திருகு தளர்ந்திருந்தால் ஒரு நிமிட வேலை, கோனே நசுங்கியிருந்தால் அதை மாற்ற வேண்டியிருக்கும். இன்னொன்று, “ஆக்‌ஷன் (ஃப்ரெட்டிலிருந்து கம்பியின் உயரம்) ரொம்பத் தாழ்வு, வாசிக்கச் சுலபம்” என்று யாராவது புகழ்ந்தால், அது ஸ்லைடுக்குப் புகழ்ச்சி இல்லை. கம்பி தாழ்ந்தால் குழாய் ஃப்ரெட்டில் போய் இடிக்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் இருக்கட்டும், முதல் கம்பி 13-க்குக் (0.013 அங்குலத் தடிமன்) குறையாமல் போடுங்கள்.

[திரையில்: டியூனிங் அட்டவணை.]

வாங்கியதும் ஓப்பன் ஜி, அதாவது எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கிற டியூனிங், வையுங்கள்: தடித்த கம்பியிலிருந்து டி ஜி டி ஜி பி டி. வழக்கமான டியூனிங்கிலிருந்து ஆறு, ஐந்து, ஒன்று ஆகிய மூன்று கம்பிகளை மட்டும் ஒவ்வொரு முழு ஸ்வரம் இறக்க வேண்டும், எதையும் ஏற்ற வேண்டியதில்லை. குழாய் ஐந்தாவது ஃப்ரெட்டில் இருந்தால் சி கார்டு, ஏழில் டி, பன்னிரண்டில் மறுபடி ஜி. குழாய் நிற்க வேண்டியது ஃப்ரெட் உலோகத்துக்கு நேர் மேலே, விரல் வைக்கிற மாதிரி அதற்குப் பின்னால் வைத்தால் சுருதி இறங்கித்தான் கேட்கும். குழாய்க்குப் பின்னால் இருக்கிற விரல்கள் கம்பியை லேசாகத் தொட்டபடி இருக்கட்டும், இல்லையென்றால் அந்தப் பக்கமும் சேர்ந்து கூவும்.

கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால், கம்பியின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிற பிஸ்கட் கோன் இடம் நகரும். ஸ்பைடர் நடுவில் இருக்கிற திருகு தளர்ந்த மாதிரி தெரிந்தாலும் ஆர்வத்தில் இறுக்கிவிடாதீர்கள், அதிகம் இறுகினால் கோன் வளைந்துவிடும். அதற்குப் பழகிய கைகளிடம் கொடுத்துவிடுங்கள்.