டெல்லி – சான் பிரான்சிஸ்கோ: கூடுதல் தூரம், குறைந்த நேரம்

அடுத்த கேள்வி மயூர் விஹாரிலிருந்து ஒரு அம்மா அனுப்பியது. அவர் மகன் ஜனவரியில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர் விமானத்தில் போகிறாராம். டிக்கெட்டில் விடிகாலை 3 மணிக்குக் கிளம்பி, அதே நாள் 4.30-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. "ஒன்றரை மணி நேரத்தில் இங்கிருந்து குருகிராமுக்கே போக முடியவில்லை, அமெரிக்கா போய்விடுமா?" என்று கேட்கிறார். கூடவே, "தூரம் 12,400 கிலோமீட்டர் என்கிறார்கள். விமான வேகம் மணிக்கு 900, அதால் வகுத்தால் 14 மணி நேரம்கூட வரவில்லையே?" என்றும் ஒரு கணக்கு. அம்மா, கணக்கில் கெட்டிதான் நீங்கள்!

முதல் சந்தேகம் சுலபம். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதையும் சேர்த்தால் பயணம் 15 மணி நேரம்.

சரி, அந்த 12,400-க்கு வருவோம். உருண்டை மேல் நூலை இழுத்துப் பிடித்து அளந்த தூரம் அது. சைபீரியாவைத் தாண்டி ஆர்க்டிக் ஓரமாகப் போகும் கோடு. விமானம் அந்த நூலில் போயே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா என்ன செய்தது தெரியுமா? அதுவரை மேற்கே அட்லாண்டிக் வழியாக, சுமார் 13,900 கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்த இதே விமானத்தைக் கிழக்கே பசிபிக் வழியாகத் திருப்பிவிட்டது. தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர் ஆனது. ஆனால் பயணம் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது. கிட்டத்தட்ட 2 மணி நேரம் மிச்சம்!

காரணம் காற்று. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடுகிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. 15,300-ஐப் பதினான்கரையால் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 1,055 வரும். விமானத்தின் சொந்த வேகம் 900 சொச்சம்தான், மீதி காற்று போட்ட பிச்சை. நானே லண்டன் போகும்போது சீட்டுக்கு எதிரே உள்ள திரையில் 820 என்று பார்த்து நொந்துபோனேன். திரும்பும்போது அதே திரை 1,040 காட்டியது. எஞ்சினில் ஒரு மாற்றமும் இல்லை. ஆற்றோடு போகிற பரிசலுக்கும் எதிர்த்துப் போகிற பரிசலுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

அதனால் இரண்டு ஊருக்கு நடுவே தூரத்தை வேகத்தால் வகுத்துச் சொல்லும் 'பயண நேரத்தை' நான் நம்புவதே இல்லை. போதாததற்கு வான்வழித் தடைகள் வேறு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை நம் விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகிறவை அரபிக்கடல் பக்கம் சுற்றிப் போக வேண்டி வந்தது. அப்புறம், டிக்கெட்டில் உள்ள நேரம் வானத்தில் பறப்பது மட்டுமல்ல. நிறுத்துமிடத்தைவிட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பதுவரை. டெல்லியில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கே அரை மணி நேரம் ஆகிற நாளும் உண்டு.

மகன் அங்கே 4.30-க்கு இறங்கும்போது உங்களுக்கு மாலை 6 மணி, விளக்கேற்றும் நேரம். உடனே போன் வரவில்லை என்று பதறாதீர்கள், இமிக்ரேஷன் வரிசையில் நிற்பார்.