துண்டை விலக்கிப் பார்க்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் விபத்துப் பிரிவில் பணியாற்றும் மருத்துவன் நான்.

ஓர் இரவு, பைக்கிலிருந்து விழுந்த இளைஞர் ஒருவரை 108 ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். தொடையில் ஆழமான வெட்டு. உடன் ஒரு டீக்கடைக்காரர் வந்திருந்தார். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை தோளில் கிடந்த துண்டை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, இரு கைகளாலும் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். மருத்துவமனைக்கு வந்த பிறகும் அவருடைய விரல்கள் சரியாக நீளவில்லை. அந்த இளைஞர் பிழைத்தார். அதில் எங்கள் அறுவை அரங்கத்துக்கு இரண்டாம் பங்குதான்.

வளர்ந்த ஒருவரின் உடலில் இருப்பது ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும் அந்த நிமிடங்கள் அருகில் நிற்பவர் கையில்தான் இருக்கின்றன. சுத்தமான துணியை வைத்து, உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று விலக்கிப் பார்க்காதீர்கள். உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்து வந்துவிடும். நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணியை வையுங்கள். காபித்தூளை அப்பிய காயங்களை இன்றும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். ரத்தக்குழாயை அதுவே அடைத்துக்கொண்டிருக்கலாம். அதைச் சுற்றி அழுத்துங்கள்.

மயங்கியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றும் வழக்கம் இன்னும் போகவில்லை. அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கையையும் காலையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து ஆட்டோவில் மடக்கித் திணிப்பதும் அப்படித்தான். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் தண்டுவடம் நசுங்கி, நடந்திருக்கக்கூடியவர் வாழ்நாள் முழுவதும் படுக்கையில் கிடப்பார். தீயோ வேறு ஆபத்தோ இருந்தாலொழிய நகர்த்த வேண்டாம். மயக்கத்தில் இருப்பவர் வாந்தியெடுத்தால் மட்டும், நாலைந்து பேர் சேர்ந்து தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி ஒருக்களித்துத் திருப்புங்கள்.

அன்றிரவு அந்த டீக்கடைக்காரர் குழாயடியில் கை கழுவிவிட்டு, "நான் போகலாமா ஐயா? எங்கேயாவது கையெழுத்துப் போட வேண்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தப் பயம்தான் என்னை வருத்துகிறது. உதவியவரைத் துன்புறுத்தக்கூடாது என்ற நெறிமுறைகளுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலு தந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தமும் அவருக்குப் பாதுகாப்பளிக்கிறது. பெயரைச் சொல்லாமலே நீங்கள் கிளம்பலாம்.

செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, வரையறுத்த தொகைக்குள், அரசே ஏற்கிறது. 2021 டிசம்பரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது.

108-ஐ அழைக்கும்போது எந்தச் சாலை, அருகில் என்ன அடையாளம், எத்தனை பேருக்கு அடி, வண்டிக்குள் யாரேனும் சிக்கியிருக்கிறார்களா என்பதைச் சொல்லுங்கள். அவர்கள் கேட்டு முடிக்கும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள். இருட்டு என்றால் ஒருவரைச் சாலையோரம் நிறுத்தி, செல்போன் வெளிச்சத்தை ஆட்டச் சொல்லுங்கள். வணக்கம்.