மிக்கியோட நாய்க்கு பிளூட்டோன்னு பேரு வந்தது எப்படி? கூஃபி பேசுது, பிளூட்டோ ஏன் பேசல?

வணக்கம். நேயர் ஒருத்தர் மூணு சந்தேகத்தைச் சேர்த்துக் கேட்டிருக்கார். மிக்கி மவுஸோட நாய்க்கு பிளூட்டோங்கிற கோளோட பேரைத்தான் வச்சாங்களா? மிக்கியோட கூட்டாளி கூஃபியும் நாய்தான், பிளூட்டோவும் நாய்தான், அப்புறம் ஏன் ஒண்ணு சட்டை போட்டுக்கிட்டு பேசுது, இன்னொண்ணு கழுத்துப்பட்டையோட குரைக்குது? கேட்டவர் அனிமேஷன் கத்துக்கிட்டு இருக்கார். அதனால, அந்தப் பழைய பிளூட்டோவை நம்ம படத்துல பயன்படுத்தலாமான்னும் கேட்டிருக்கார்.

பேருல இருந்து ஆரம்பிப்போம். இந்த நாய் முதல்ல வந்த படம் 'தி செயின் கேங்', 1930. மிக்கி அதுல ஜெயில்ல இருந்து தப்பிச்சு ஓடுற கைதி. மோப்பம் பிடிச்சுத் துரத்திக்கிட்டு வர்ற பிளட்ஹவுண்ட் நாய்ங்க ரெண்டு. அதுங்களுக்குப் பேரு கிடையாது. மிக்கிக்குச் சொந்தமும் இல்ல. அதே வருஷம் 'தி பிக்னிக்' வந்துச்சு. அதுல நாய் மிக்கியோட ஜோடி மின்னியோடது, பேரு ரோவர். 1931 மே மாசம் வந்த 'தி மூஸ் ஹன்ட்' படத்துலதான் மிக்கியோட நாயாகி, பிளூட்டோங்கிற பேரும் வந்துச்சு. ஆக, "முதல் படம் 1930-ஆ, 1931-ஆ"ன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க இல்லையா, ரெண்டுமே சரிதான். உருவம் வந்தது 1930, பேரு வந்தது 1931.

அடுத்து கோள். 2006-லேர்ந்து அதைக் குறுங்கோள்னுதான் சொல்றாங்க, ஆனா அப்ப அது கோள். அமெரிக்காவுல அரிசோனாவுல இருக்குற லோவெல் வானாய்வகத்துல, கிளைட் டாம்பா அதைக் கண்டுபிடிச்சது 1930 பிப்ரவரி 18. பேரைச் சொன்னது ஆக்ஸ்ஃபோர்டுல இருந்த 11 வயசுப் பொண்ணு, வெனிஷியா பர்னி. அந்தப் பேரை வைக்கிறதா அறிவிச்சது மே 1. அப்ப மிக்கியோட நாய்க்குப் பேரு வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே கோளுக்கு வந்தாச்சு. நாயைப் பார்த்துக் கோளுக்குப் பேரு வச்சாங்கன்னு சிலர் சொல்றது அதனாலேயே தப்பு. தலைகீழா, கோளைப் பார்த்து நாய்க்கு வச்சாங்களா? நடந்திருக்கலாம், அப்ப பேப்பர்லயெல்லாம் அடிபட்ட பேரு அது. ஆனா டிஸ்னி ஸ்டூடியோவுல அப்படி எழுதி வச்ச ஆதாரம் இல்ல. அங்க வேலை பார்த்த பென் ஷார்ப்ஸ்டீன் பின்னாடி சொன்னது என்னன்னா, ரோவர்ங்கிறது ரொம்ப சாதாரணப் பேரா இருந்துச்சு, மாத்தினோம், ஏன் பிளூட்டோன்னு வச்சோம்னு உண்மையிலேயே ஞாபகம் இல்ல, அப்படின்னு. இருந்தவங்களே அவ்வளவுதான் சொல்றாங்க. "கோளோட பேரைத்தான் வச்சாங்க"ன்னு அடிச்சுச் சொல்ற வீடியோவை நம்பாதீங்க.

அடுத்து, பேச்சு. பிளூட்டோ பேசவே இல்லைன்னு சொல்றதும் முழுசா சரி கிடையாது. அதே 'மூஸ் ஹன்ட்'ல மிக்கி தெரியாம சுட்டுடுறான், நாய் செத்த மாதிரி நடிக்குது. மிக்கி அழுதுக்கிட்டே "ஏதாவது பேசு"ன்னு கெஞ்ச, நாய் எழுந்து "முத்தம் குடு"ங்குது! ஆனா அது நிலைக்கல. 1933-ல 'மிக்கிஸ் பால் பிளூட்டோ'ன்னு ஒரு படம். அதுல மனசாட்சி ரெண்டா பிரிஞ்சு, ஒண்ணு தேவதை, ஒண்ணு சாத்தான், ரெண்டும் பேசும். நடுவுல நிக்கிற நாய் மட்டும் வாயைத் திறக்காது. இதே கதையைக் கலர்ல திருப்பி எடுத்ததுதான் 1941-ல வந்த 'லெண்ட் எ பா'. ஆஸ்கர் வாங்குன படம் அது.

பேசாததாலதான் அந்த நாய் இவ்வளவு தூரம் வந்துச்சுன்னு நான் சொல்வேன். அதுக்கு 1934-ல வந்த 'பிளேஃபுல் பிளூட்டோ'வைப் பார்க்கணும். அதுல பிளூட்டோ ஈ ஒட்டுற பசைத்தாள்ல மாட்டிக்கிற காட்சி ஒண்ணு வரும். கதைப்பக்கம் வெப் ஸ்மித், வரைஞ்சவர் நார்ம் ஃபெர்குசன். அதுக்கு முன்னாடி கார்ட்டூன்ல சிரிப்புன்னா அடி, உதை, ரப்பர் மாதிரி இழுபடுற கை கால், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம வரிசையா வரும். இங்க சின்னத் தாள் ஒண்ணுதான் விஷயம். ஒரு இடத்துல ஒட்டுது. அதை எடுக்கப் போனா இன்னொரு இடத்துல ஒட்டுது. நாய் நிக்குது, நம்மளைப் பார்க்குது, யோசிக்குது, வேற வழியை முயற்சி பண்ணுது, அந்த வழியே அடுத்த சிக்கலா மாறுது. யோசிக்கிறது நம்ம கண்ணுக்குத் தெரியுது பாருங்க, அதுதான் புதுசு. ஃபெர்குசன் 1929-ல டிஸ்னிக்கு வந்தவர். கோடு சுத்தமா இருக்கணும்னு மெனக்கெடாம, கிறுக்குற மாதிரி வேகமா வரைவார். உதவியாளர்கள் அதுமேல சுத்தமான கோடு போடுவாங்க. அந்த வேகத்தாலதான் அசைவுல உயிர் தங்குச்சு.

கேள்வி கேட்டவர் இதைப் பிரேம் பிரேமா, அதாவது அடுத்தடுத்து ஓடுற தனித்தனிப் படமா நிறுத்தி நிறுத்திப் பார்க்கணும். யூட்யூப்ல கம்ப்யூட்டர்ல பார்த்தீங்கன்னா, வீடியோவை நிறுத்திட்டு கீபோர்டுல முற்றுப்புள்ளியை அழுத்துங்க, ஒரு பிரேம் முன்னாடி போகும். கமாவை அழுத்தினா பின்னாடி வரும். இங்க ஒரு தப்பு நடக்கும். படம் எடுத்தது நொடிக்கு 24 பிரேம். ஏத்தினவர் 30 பிரேம்ல ஏத்தியிருந்தா, பெரும்பாலும் 5 பிரேமுக்கு ஒண்ணு டூப்ளிகேட்டா வரும். அதைக் கழிக்காம எண்ணினா உங்க டைமிங் கணக்கு முழுக்கத் தப்பாயிடும். ஒரே படம் ரெண்டு பிரேம் நிக்கிறதைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம். ஒரு வரைபடத்தை ரெண்டு பிரேமுக்கு வைக்கிறது வழக்கம், அப்ப நொடிக்கு 12 வரைபடம் போதும். வேகமான அசைவுக்கு மட்டும் பிரேமுக்கு ஒண்ணு.

பழகும்போது இப்படிச் செய்ங்க. நாய் தாளை இழுக்குது, வரல. அங்க உடனே அடுத்த அசைவுக்குப் போகாதீங்க. 12-லேர்ந்து 16 பிரேம், அதாவது அரை நொடி, இல்ல அதுக்குக் கொஞ்சம் மேல, அப்படியே நிறுத்துங்க. அப்புறம் கண்ணு முதல்ல திரும்பணும். 3, 4 பிரேம் கழிச்சுத் தலை திரும்பணும். உடம்பு கடைசியா. புதுசா வரையறவங்க கண்ணு, தலை, காது எல்லாத்தையும் ஒரே பிரேம்ல திருப்பிடுறாங்க, அங்க நாய் பொம்மையாயிடுது. தலை நின்னதுக்கு அப்புறமும் காது ரெண்டு மூணு வரைபடம் ஆடிட்டு நிக்கணும். பிளூட்டோவுக்குக் காது நீளமா இருக்குறது இதுக்கு ரொம்ப வசதி. புருவத்தை மறந்துடாதீங்க, வசனம் இல்லாத இடத்துல அதுதான் வசனம்.

கூஃபி விஷயம் சுருக்கமா. அவன் வந்தது 1932-ல, 'மிக்கிஸ் ரெவ்யூ'ல. கூட்டத்துல உக்கார்ந்து கடலை தின்னுக்கிட்டு, கோணங்கித்தனமா சிரிச்சு மத்தவங்களைக் கடுப்பேத்துற ஆள். முதல் பேரு டிப்பி டாக். அவன் பிறப்புலயே ஒரு மனுஷக் கதாபாத்திரம், நாய் மூஞ்சி வச்சது. பிளூட்டோ பிறப்புலயே மோப்ப நாய், பின்னாடி வளர்ப்பு நாய். பாதை வேற வேற. இதுல அழகு என்னன்னா, அந்தக் காலத்துல ரெண்டு பேருக்கும் குரல் கொடுத்தவர் ஒருத்தரேதான், பின்ட்டோ கோல்விக். இப்ப ரொம்ப வருஷமா பில் ஃபார்மர். அவரும் ரெண்டுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். பிளூட்டோ பேரிலேயே தனி வரிசை 1937-ல 'பிளூட்டோஸ் க்வின்பப்லெட்ஸ்'ல ஆரம்பிச்சு 1951 வரைக்கும் போச்சு.

கடைசிக் கேள்வி, பயன்படுத்தலாமா. அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலத்துப் படங்களுக்கு 95 வருஷக் காப்புரிமை (காப்பிரைட்), வருஷக் கடைசியில முடியும். அதனால 'செயின் கேங்', 'பிக்னிக்' ரெண்டும் 2026 ஜனவரி 1-லேர்ந்து பொதுச்சொத்து, அதாவது அனுமதி கேக்காம யாரும் பயன்படுத்தலாம். 'மூஸ் ஹன்ட்' 2027 ஜனவரி 1. 'பிளேஃபுல் பிளூட்டோ' 2030. அதாவது இப்ப உங்களுக்குக் கிடைக்கிறது 1930-ல இருந்த கறுப்பு வெள்ளை நாய், ரோவர்ங்கிற பேரோட. பின்னாடி வந்த உருவ மாற்றம், நிறம், கதைகள் எல்லாம் அந்தந்தப் படத்தோட வருஷக் கணக்குலதான் வரும். பிளூட்டோங்கிற பேரை டைட்டில்லயோ, தம்ப்நெயில்லயோ, டி-ஷர்ட்லயோ போட்டு விக்கிறது தனிச் சிக்கல். டிரேட்மார்க்குக்கு, அதாவது வணிகச் சின்னத்துக்கு, இந்த 95 வருஷக் கணக்கு பொருந்தாது. நான் சொன்னது அமெரிக்கச் சட்டம் மட்டும்தான். நீங்க வெளியிடுற நாட்டுச் சட்டம் தனி, அதைத் தெரிஞ்ச வக்கீல்கிட்ட கேட்டுட்டு இறங்குங்க. படிச்சுப் பார்க்கிறதுக்கும், வீட்டுல வரைஞ்சு பழகுறதுக்கும் தயங்கவே வேண்டாம். அந்தப் பசைத்தாள் காட்சியை இன்னைக்கே எடுத்து எண்ண ஆரம்பிங்க.