களை முளைக்கும் முன்பே

நேயர்களுக்கு வணக்கம். நீலகிரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தேயிலையும் கேரட்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கூடலூர், பந்தலூர் பக்கம் மேட்டில் தேயிலை, பள்ளத்தில் நெல் வயல். அந்த வயலில் களைக்கொல்லி இல்லாமல் களையை அடக்குவது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மருந்து தெளித்த வயலோடு நிற்பதில்லை. மேல் வயல் தண்ணீர் கீழ் வயலுக்கு இறங்கும், அங்கிருந்து ஓடைக்குப் போகும். பூட்டாகுளோர் போன்ற களைக்கொல்லிகள் மீனுக்குக் கடும் நஞ்சு. பணியர் பழங்குடிக் குடும்பங்கள் இதே வயல்களில்தான் நண்டு பிடிக்கிறார்கள், கீரை பறிக்கிறார்கள். வயல் நமக்குச் சொந்தமாக இருக்கலாம், அதில் ஓடும் தண்ணீர் எல்லோருக்கும் பொது.

‘களை பிடுங்காப் பயிர் கால்பயிர்’ என்பார்கள். உண்மைதான். ஆனால் பிடுங்கும் வேலையில் பாதியை நடவுக்கு முன்பே குறைத்துவிடலாம். முதல் உழவு ஓட்டி, மண்ணை ஈரமாக மட்டும் வைத்து, ஒரு வாரம் பத்து நாள் விடுங்கள். மேலாகக் கிடக்கும் களை விதைகள் முளைத்துவிடும். அப்புறம் சேற்றுழவில் அமுக்கினால் அதுவே உரம். சாணத்தை நன்றாக மக்கிய பிறகே போடுங்கள். பச்சைச் சாணம் களை விதையையும் சேர்த்தே கொண்டுவரும்.

அடுத்து மட்டம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பரம்படித்த பிறகும் மேடு தட்டிய இடத்தில் தண்ணீர் நிற்காது. குதிரைவாலிப் புல் அங்கேதான் முதலில் தலைகாட்டும். நாற்று வேர் பிடித்ததும் வயல் முழுக்க இரண்டு அங்குலத் தண்ணீர் நின்றால் அந்தப் புல் முளைப்பது வெகுவாகக் குறையும். ஆரைக்கீரை மாதிரியானவை தண்ணீருக்கு அஞ்சாது. அவற்றுக்குக் கையோ கருவியோதான் வேண்டும்.

குதிரைவாலிப் புல் சின்னதில் நெல் போலவே இருக்கும். ஒரு செடியைப் பிடித்து, இலை தண்டைவிட்டுப் பிரியும் இடத்தை விலக்கிப் பாருங்கள். நெல்லில் அங்கே நாக்குப் போல ஒரு வெள்ளைச் சவ்வு நிற்கும். புல்லில் ஒன்றுமே இருக்காது, வழவழவென்று இருக்கும். புதிதாக வயலில் இறங்கும் பிள்ளைகளுக்கு இதை ஒரு முறை காட்டிவிட்டால் போதும், நெல்லைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் இல்லை.

கருவி என்றால் கோனோ வீடர், நின்றபடி கையால் தள்ளி ஓட்டும் களையெடுப்பான். அதை ஓட்ட வேண்டுமானால் கயிறு பிடித்துச் சதுரமாக நட வேண்டும், 22.5 சென்டிமீட்டர் இடைவெளி, கிட்டத்தட்ட ஒரு சாண். இளநாற்றை அகல இடைவெளியில் நடும் செம்மை நெல் சாகுபடியில் 14 நாள் நாற்று என்பார்கள். ஆடி மழையில் தண்ணீர் தேங்கும் நம் பள்ள வயலில் அது மூழ்கிப்போகும், கொஞ்சம் வளர்ந்த நாற்றே நல்லது. நட்ட 10ஆம் நாளிலிருந்து பத்து நாளுக்கொரு தரம், லேசான தண்ணீரில், நெடுக்கிலும் குறுக்கிலும் ஓட்டுங்கள். களை சேற்றில் புதைந்து மக்கும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். கால் புதைகிற உளைச் சேற்றில் கோனோ வீடர் இழுக்க வராது. எடை குறைந்த கருவியைத் தேடுங்கள். நாள் முழுக்கக் குனிந்து களையெடுப்பது நம் பெண்கள்தான். அவர்கள் நிமிர்ந்து நின்று வேலை செய்யலாம் என்பதற்காகவே இந்தக் கருவியை நான் விடாமல் வலியுறுத்துகிறேன்.

முதல் 40 நாள்தான் முக்கியம். அதற்குப் பின் நெல் தழைத்து நிழல் கட்டிவிடும். தப்பித்த குதிரைவாலிப் புல் மட்டும் நெல்லுக்கு முந்தி முற்றி விதையைக் கொட்டிவிடும். அதனால் அதில் கதிர் எட்டிப் பார்த்ததுமே ஒரு நடை போய்ப் பிடுங்கி மாட்டுக்குப் போடுங்கள். வரப்பில் நிற்பதையும் சேர்த்து அறுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.