எரிமலை அடிவாரத்துக் காவலர்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். எரிமலையை அளக்கும் கருவிகளைப் பற்றி அறிஞர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். அக்கருவிகள் சொல்வதை நம்பி, ஒரு குடியானவர் விளைந்த பயிரையும் கட்டிய மாட்டையும் விட்டுவிட்டு நள்ளிரவில் ஏன் எழுந்து வர வேண்டும் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஈக்வடார் நாட்டில் 5,023 மீட்டர் உயரமுள்ள துங்குராவா எரிமலை, பல்லாண்டு அமைதிக்குப் பின் 1999-இல் சீறத் தொடங்கியது. அக்டோபரில், அடிவாரத்துப் பான்யோஸ் நகரத்தாரும் சுற்று வட்டாரத்தாருமாக ஏறத்தாழ 25,000 பேரை அரசு வெளியேற்றியது. அஞ்சிய பெருவெடிப்போ வரவில்லை. பிழைப்பு இழந்த மக்கள், 2000 சனவரியில் இராணுவத்தின் தடுப்பை மீறி ஊருக்குள் நுழைந்தனர். அறிவியலாளர்கள் எச்சரித்தது தவறன்று. மக்களைக் கலக்காமல் முடிவெடுத்ததே தவறு என்பது என் கருத்து.

அந்தக் கசப்பிலிருந்துதான் ‘விஹீயா’க்கள் எனப்படும் தன்னார்வக் காவலர்கள் உருவானார்கள். பெரும்பாலும் உழவர்களான இவர்களிடம் பேசவும் கேட்கவும் உதவும் வானொலிக் கருவிகள் தரப்பட்டன. ஒவ்வோர் இரவும் எட்டு மணிக்கு, மலையிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் புவி இயற்பியல் நிறுவனம் அமைத்த ஆய்வகம் ஒவ்வோர் ஊராக அழைக்கும். இன்று விழுந்த சாம்பல் கறுப்பா, சாம்பல் நிறமா, மாவு போன்றதா, மணல் போன்றதா, சன்னல் கண்ணாடி அதிர்ந்ததா, மழைக்குப் பின் ஓடையில் சேறும் பாறையும் புரண்டு வருகிறதா என்று அவர்கள் சொல்லச் சொல்ல, ஆய்வாளர்கள் அதை நில அதிர்வுப் பதிவுகளோடு ஒப்பிடுவார்கள். மேகம் மூடிய நாளில் மலையைக் காண வேறு கண் இல்லை. கருவிகளின் பராமரிப்பிலும் இவர்களுக்குப் பங்குண்டு. மலை அமைதியாக இருந்த நாளிலும் அழைப்பு நிற்கவில்லை என்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகிய குரல் “கிளம்புங்கள்” என்றால், அது அந்நியரின் ஆணையாகக் காதில் விழாது.

2006 ஆகஸ்ட் 16 இரவு, கொதிக்கும் சாம்பலும் வளியும் பாறையும் சரிவுகளில் பாய்ந்தன. பல ஊரார் நேரத்தோடு வெளியேறினர். அடிவாரத்துப் பாலிதாவா என்ற ஊரில் சிலர் மாண்டனர். அந்த இழப்பை மறைத்து இம்முறையைப் புகழ்வது நேர்மையாகாது. எனினும் 1985-இல் கொலம்பியாவில், அபாய வரைபடம் தயாராகியும் மக்கள் வெளியேற்றப்படாத நிலையில், எரிமலை வெடிப்பால் எழுந்த சேற்று வெள்ளம் ஆர்மேரோ நகரத்தை விழுங்கி 20,000-க்கும் மேற்பட்டோர் மடிந்ததை எண்ணிப் பாருங்கள்.

வெடிப்புக்குப் பின் மாற்றுக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. ஆனால் அங்கு உழுவதற்கு நிலம் இல்லை. பகலில் பழைய வயலுக்குச் சென்று, மாலையில் திரும்பும் வாழ்க்கையை அம்மக்கள் மேற்கொண்டனர். அதைத் தடை செய்யாமல், வயலுக்குள்ளும் எச்சரிக்கை எட்டும்படி காவலர்களின் வானொலி உடனிருந்ததால்தான் அவர்களால் அங்கு பயிர் செய்ய முடிந்தது.